உங்கள் பயணத்தில் ஒரு சிறிய மாற்றம்

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் டிக்கெட் போடுவது சின்ன வேலை. போட்ட டிக்கெட்டை விமானக் கம்பெனி மாற்றிவிட்டது என்று பயணியிடம் சொல்வதுதான் பெரிய வேலை. மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு சின்ன டிராவல் ஆபீஸில் இருக்கிறேன். நானும் தேவராஜும்தான் அங்கே எல்லாம். ‘உங்கள் பயணத்தில் ஒரு சிறிய மாற்றம்’ என்று தொடங்கும் மெசேஜ் உங்களுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். எங்களுக்கு அது தினமும் வரும்.

வேளச்சேரிப் பையன்

கார்த்திக் வேளச்சேரியில் இருக்கும் சாஃப்ட்வேர் ஆள். புனேயில் நேர்முகத் தேர்வு என்று காலை விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தான். டாக்ஸியில் ஏறி கிண்டி தாண்டும்போது மெசேஜ் வந்திருக்கிறது: காலை விமானம் இல்லை, மாலை விமானத்தில் இடம் கொடுத்திருக்கிறோம். அப்படியே வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். நான் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். கோபம்கூட இல்லை அவன் முகத்தில். அடிபட்டவன் மாதிரி இருந்தான்.

புனேக்கு அவனே போன் செய்து கெஞ்சியதில், வீடியோவில் பேசுங்கள் என்றார்கள். எங்கள் பின்னறையில் பழைய காலண்டர் அட்டைகளை ஒதுக்கி உட்கார வைத்தோம். வேலையும் கிடைத்தது. சேருவதற்கு ரயிலில் போனான். தேர்வு முடிந்து ஆபீஸிலிருந்து கிளம்பும்போது என்னிடம் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

“எங்க ஏரியாவுக்கு வெள்ளமே முன்கூட்டிச் சொல்லிட்டுத்தான் மேடம் வருது.”

இறங்குமுன் கிளம்பும் விமானம்

பட்டினப்பாக்கத்து அந்தோணி, கடலுக்குப் போகிறவர். ஒருநாள் காலையில் கண்கள் சிவக்க வந்தார். அவருடைய அண்ணன் இறந்துவிட்டார். அண்ணன் மகன் ஜான் குவைத்தில் வேலை செய்கிறான். அவன் வந்த பிறகுதான் அடக்கம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். கொழும்பு வழியாக உடனே டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். அந்தோணி வாசல்படி இறங்குவதற்குள் மெசேஜ் வந்துவிட்டது. ஜான் ஏறும் விமானத்தைத் தாமதப்படுத்தியிருந்தார்கள். புது நேரப்படி அவன் கொழும்பில் இறங்குவது மூன்று மணிக்கு. அங்கிருந்து சென்னைக்கு அவன் ஏறவேண்டிய விமானம் கிளம்புவது இரண்டு மணிக்கு.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே பேசிய பெண், “சிஸ்டம்ல கன்ஃபர்ம்டுன்னுதான் காட்டுது மேடம்” என்றாள். அந்தோணியிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். “மொத பஸ்ஸு வர்றதுக்குள்ள ரெண்டாவது பஸ்ஸு பூட்டா, அதுக்கு இன்னாத்துக்குமா டிக்கெட்டு?” என்றார்.

அந்த டிக்கெட்டை விட்டுவிட்டு வேறு கம்பெனியில் தேடினோம். சென்னைக்கு எதிலும் இடமில்லை. பெங்களூருக்கு ஒரே ஒரு இடம் இருந்தது. தேவராஜ் தனக்குத் தெரிந்த கார் டிரைவரை அங்கே நிறுத்தி வைத்தான். சர்ச்சில் ஃபாதர் அடக்கத்தை மறுநாள் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்தார். மறுநாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. யார் போன் அடித்தாலும் பயம். சாயங்காலம் பொழுது சாயும்போது அந்தோணி கூப்பிட்டார். பின்னால் ஜபம் சொல்லும் சத்தம் கேட்டது.

“அவங்கப்பன் மூஞ்சியப் பாத்துட்டான்மா. அது போதும்.”

செவ்வாய் மாமி, புதன் மாமா

சுந்தரம் மாமாவும் ஜெயா மாமியும் மாட வீதிக்காரர்கள். மகளின் பிரசவத்துக்கு சிங்கப்பூர் போக ஒரே டிக்கெட்டில் இருவருக்கும் போட்டிருந்தேன். பெரிய விமானத்துக்குப் பதில் சின்ன விமானம் விட்ட கம்பெனி, இடம் போதாமல் மாமிக்குச் செவ்வாய்க்கிழமையும் மாமாவுக்குப் புதன்கிழமையும் இடம் கொடுத்துவிட்டது. மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “இவ எஸ்கலேட்டர்ல ஏறவே பயப்படுவா. தனியா எப்படிப் போவா?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். மாமி செவ்வாய்க்கிழமை டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் மாமி தனியாகத்தான் போனார். அது கம்பெனியின் பிடிவாதத்தால் இல்லை. நான் சண்டை போட்டதில் மறுநாளே இருவருக்கும் புதன்கிழமை தருவதாக இறங்கி வந்தார்கள். அதைச் சொல்ல வீட்டுக்குப் போன் செய்தேன். மாமிதான் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு, மாமியின் செவ்வாய்க்கிழமையை மாற்றாமல் விட்டுவிட்டேன்.

“கல்யாணமானதுலேர்ந்து எனக்குன்னு ஒரு நாள் இருந்ததில்லைம்மா. அவர் உள்ளே தூங்கிண்டிருக்கார், நீ ஒண்ணும் சொல்லிடாதே.”

பிஸியாக இருந்த பயணி

எல்லாருக்கும் மாற்றம் சொல்லும் எனக்கு யார் சொல்வது? கோயம்புத்தூரில் தங்கைக்கு வளைகாப்பு. ஏர்போர்ட்டில் டிக்கெட்டைக் காட்டினால், கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்து, “இந்த ஃப்ளைட் போயிடுச்சே மேடம், நேரத்தை முன்னாடி மாத்திட்டோமே” என்கிறாள். அடுத்த விமானம் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கை இரண்டு கையிலும் வளையலோடு சாப்பிட்டு முடித்திருந்தாள்.

திரும்பி வந்ததும் தேவராஜைப் பிடித்தேன். டிக்கெட்டில் ஆபீஸ் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். மெசேஜ் ஆபீஸ் போனுக்குத்தான் வந்திருக்க வேண்டும். வந்தது என்றான். இந்த மெசேஜில் பயணியின் பெயர் இருக்காது. அதனால் புக்கிங்கைத் திறந்து, பெயரைப் பார்க்காமல் நம்பரை மட்டும் பார்த்து, ஆபீஸ் போனிலிருந்தே அந்த நம்பருக்கு அடித்திருக்கிறான். சொல்லும்போது அவன் முகத்தில் பயணி மேல் நிஜமான வருத்தம் இருந்தது.

“எத்தினி தபா அடிச்சாலும் பிஸி பிஸின்னே வந்துகினு இருந்துச்சு மேடம்.”

இத்தனை வருஷத்தில் நான் கண்டது, டிக்கெட்டில் விமானக் கம்பெனி மாற்றாமல் விட்டுவைப்பது பயணியின் பெயர் ஒன்றைத்தான், அதிலும் பாதி நேரம் எழுத்துப்பிழை இருக்கும்.