கேஸ் டெஸ்டரின் மனைவி

தோஹாவில் விமானம் ஏறும் முன்பே என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். யாராவது வேலையைக் கேட்டால் சேஃப்டி ஆபீசர் என்று சொல்லுங்கள், கேஸ் டெஸ்டர் என்று சொல்லி என் மானத்தை வாங்காதீர்கள் என்று. ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் அந்த வருஷத்துப் பராமரிப்பு வேலை விபத்தில்லாமல் முடிந்ததற்குப் பரிசாக, கம்பெனி நான்கு குடும்பங்களை இத்தாலிக்குத் தெற்கே ஒரு சின்னத் தீவுக்கு அனுப்பியது. மேனேஜர் உட்பட மற்ற மூவரும் இன்ஜினியர்கள். என் கணவர் மட்டும்தான், தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஆள் இறங்கும் முன் மீட்டரை உள்ளே விட்டு விஷவாயு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டர்களுக்கு நடுவில் நின்று நின்று, பதவிப் பெயர்மேல் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது.

முதல் நாள் ஒயின் தோட்டம். எரிமலைச் சாம்பல் மண்ணில் விளைந்த திராட்சையாம். கிளாஸைச் சுழற்றி முகர்ந்து, என்ன வாசனை என்று சொல்லச் சொன்னார்கள். மேனேஜர் தேன் என்றார், அவர் மனைவி ஆரஞ்சுப் பூ என்றார். என் கணவர் வெகுநேரம் முகர்ந்துவிட்டு, லேசாகக் கந்தகம் அடிக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பழக்க தோஷம் என்று மேனேஜரின் மனைவி சொன்னதும் எனக்கு முகம் சுண்டிப்போனது. என் கணவரும் சேர்ந்து சிரித்தார், அதுதான் இன்னும் எரிச்சல்.

மறுநாள் எரிமலை ஏறினோம். உச்சியில் மஞ்சள் படிந்த வெடிப்புகளிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அழுகிய முட்டை நாற்றம். வழிகாட்டி முன்னால் போய்விட்டார். என் கணவர் என் துப்பட்டாவை வாங்கி உயரப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். ஆலையில் அதைப் பார்க்காமல் ஓர் அடி வைக்க மாட்டார். இங்கேயுமா என்று பல்லைக் கடித்தேன்.

அதற்குள் மேனேஜரும் அவர் மனைவியும் போட்டோ எடுக்கப் பாதையை விட்டு ஒரு பள்ளத்துக்குள் இறங்கியிருந்தார்கள். அந்தம்மா கீழிருந்து கையசைத்தார்.

"சிஸ்டர், இங்க வாங்க. இப்ப நாத்தமே இல்ல."

நான் காலை எடுத்து வைத்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருடைய டியூட்டிக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"சார், நாத்தம் நின்னா கேஸ் இல்லைன்னு அர்த்தமில்ல, மூக்கு செத்துட்டுன்னு அர்த்தம். கேமராவ விடுங்க. மேல ஏறுங்க, யல்லா, சீக்கிரம்."

மேனேஜருக்கு முகம் வெளுத்தது. அவரும் வருஷா வருஷம் ஆலையில் விஷவாயுப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தவர்தான். மனைவியை இழுத்துக்கொண்டு ஏறினார். மேலே வந்ததும் அந்தம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். காற்று வரும் பக்கமாக உட்கார வைத்து நாடி பார்த்தேன். அரை மணியில் தேறிவிட்டார். ஓடிவந்த வழிகாட்டி பள்ளத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அங்கே யாரும் இறங்கவே கூடாதாம். என் கணவர் துப்பட்டாவை உதறி மடித்து என்னிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அதே ஒயின் தோட்டத்தில் சாப்பாடு. நடந்ததைக் கேள்விப்பட்ட தோட்டக்காரர், நீங்கள் டாக்டரா, இன்ஜினியரா என்று என் கணவரிடம் விசாரித்தார். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடியே சேஃப்டி என்று ஆரம்பித்தார்.

"கேஸ் டெஸ்டர்," என்றேன், மேசை முழுக்கக் கேட்கும்படி. "இவர் கையெழுத்துப் போடாம, இங்க இருக்கிற மூணு இன்ஜினியரும் ஒரு குழிக்குள்ள கால் வைக்க முடியாது."