அக்காவின் ஓடும் நான் ஊற்றிய தண்ணீரும்

சுடு இரும்பின் மேல் நனைந்த சாக்கு வேகிற மணம், மண்ணெண்ணெய்ப் புகையோடு கலந்து எங்கிருந்தாவது வந்தால் போதும், அறுபது வருடம் பின்னால் போய் அப்பாவின் பாய்த்தோணியில் குந்திக்கொண்டிருப்பேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று பழுகாமத்தில் சொந்த நெல் ஆலை வைத்திருக்கிறேன். எஞ்சின் பழுது பார்க்க வருகிற படித்த பிள்ளைகள்கூட, நான் கையை வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஸ்பேனர் சாவியை எடுப்பார்கள். அந்தக் கை படித்த பள்ளிக்கூடம் அந்தத் தோணி.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அக்காவின் வீட்டுக்குச் சுவர் எழும்பியிருந்தது, கூரை இல்லை. "ஓடு ஏறாத வீட்டுக்குள்ள என்ட மகன் கால் வெக்க மாட்டான்" என்று மாப்பிள்ளையின் தாய் சொல்லிவிட்டா. கல்யாணத்துக்கு இரண்டே நாள். மணல் தெருவில் லொறி வந்தால் பாதி ஓடு உடைந்துதான் வரும் என்று, அப்பா மட்டக்களப்பு டவுன் துறையில், வாவி வழியே கொண்டுபோக, ஓடுகளைத் தோணியில் அடுக்கினார். அது "சோழகம்" வீசும் காலம். தெற்கே ஊருக்குப் போகிற எங்களுக்கு எதிர்க்காற்று, பாய் உதவாது. ஒரு மில்லில் கழித்துவிட்ட கிழட்டு எஞ்சினைத்தான் நம்பிப் புறப்பட்டோம்.

அதைத் தோணியில் பூட்டிக்கொடுத்த காத்தான்குடி மெக்கானிக், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், "தம்பி, இதுட தண்ணிப் பம்பு செத்துப்போச்சு. சாக்கைப் போத்தி, மேலால ஊத்திக்கொண்டே போகணும். குறைஞ்சா இறுகிப்போகும், கூடினா வெடிச்சிரும். ஆரு ஊத்துற?" என்றார். அப்பா என்னைக் காட்டினார். "இந்தக் கத்தரிக்காயா? காத்தான்குடி தாண்டமுந்தி நித்திரையாகிரும்!" என்று காக்கா சிரித்தார்.

நித்திரையா? காத்தான்குடியைத் தாண்டியும் தண்ணீர் மொள்ளும் தேங்காய்ச் சிரட்டை என் கையில்தான் இருந்தது. சாக்கு "சுர்" என்றால் ஒரு சிரட்டை, "புஸ்" என்றால் இரண்டு. யாரும் சொல்லித் தரவில்லை, எஞ்சினே சொன்னது. ஆனால் கரையில் உடுப்புத் துவைத்த பெண்கள் கை காட்டவும், என் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டாமா, சிரட்டையைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றினேன். தண்ணீர், தீப்பொறி போடுகிற "பிளக்"கில் விழுந்தது. எஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது.

பாரத்தோணி பக்கவாட்டில் திரும்பி, மீன் பிடிக்க நட்டிருந்த கம்புகளை நோக்கி ஒதுங்கியது. அப்பா கோலை ஊன்றித் தடுத்தபடி, "பாயை இழு மகள், டவுனுக்கே திரும்புவம்" என்றார். திரும்பினால் அக்காவுக்குக் கல்யாணம் இல்லை, என் ஒரு சிரட்டைத் தண்ணீரால். நான் பாயைத் தொடவில்லை. காலையில் காக்கா பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டியதைப் பார்த்திருந்தேன். சாவியைப் போட்டுப் பிளக்கைக் கழற்றினேன். உள்ளங்கை வெந்தது, விடவில்லை. துடைக்கவென்றால் என் பாவாடை முதல் சாக்குவரை எல்லாம் ஈரம். பாய்மரத்தில் கட்டியிருந்த தகரப் பெட்டி மட்டும் காய்ந்திருந்தது. அதற்குள், குடிபுகும்போது வாசலில் பூச அம்மாள் கோயிலில் வாங்கிய திருநீறு.

"அடியே, அது அம்மாள்ட திருநீறு!"

"கொஞ்சம் மிச்சம் வெக்கிறன் அப்பா!"

ஈரமும் கரியும் போகத் திருநீற்றால் தேய்த்து, ஊதிப் பூட்டினேன். அப்பா எஞ்சின் கயிற்றை மூன்றாந்தரம் இழுக்க, அது பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு கரையில் யார் கை காட்டினாலும் நான் திரும்பவில்லை. பொழுதுபட முன் ஓடு இறங்கியது. மறுநாள் கூரை ஏறியது. மாப்பிள்ளை கால் வைத்தார்.

அப்பா ஊர் முழுக்க, "அம்மாள் எஞ்சினை ஓட்டித் தந்தா" என்றார். அக்காவும் வருகிறவர்களிடமெல்லாம் "அம்மாள் கொண்டுவந்த ஓடு" என்றுதான் சொல்வா. மழைக்கு ஒழுகினால் மட்டும், "இஞ்ச வந்து பாரு, உன்ட ஓடு ஒழுகுது" என்று ஆள் அனுப்புவா.

இப்போது பாய்த்தோணியும் இல்லை, எஞ்சின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. டவுனிலிருந்து லொறி தேத்தண்ணி ஆறமுன் வந்துவிடுகிறது. போன வருடம் அக்கா கூரையைப் பிரித்துத் தகடு போட்டா. அன்று பின்னேரம் ஆட்டோவில் ஒரே ஒரு ஓடு வந்தது, துணியில் சுற்றி. கூட வந்த அக்காவின் பேரன் சொன்னான்: "உங்கட சாமானாம். உங்களிட்டயே குடுக்கச் சொன்னாங்க."

அதை ஆலையில் அம்மாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பக்கத்தில்தான், கீழே அல்ல.