றீற்றா எடுத்த விமானப் படம்

பேணாட்டைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

றீற்றா என்னுடைய ஸ்ரூடியோவில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவள். ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, தகப்பன் சூசைப்பிள்ளை கடலில் மூழ்கி இறந்த கையோடு, பத்தொன்பது வயதில் வந்து சேர்ந்தாள். நெகற்றிவில் பென்சிலால் திருத்துவது அவள் வேலை. அம்மைத் தழும்பு, மரு, ஒன்றரைக் கண் எல்லாம் அவள் பென்சிலுக்கு அடங்கும். அந்தக் காலத்துத் திருகோணமலைக் கலியாணங்களில் பாதி அவள் கையால் ஒப்பேறியவைதான். படத்தை நம்பி மாப்பிள்ளை பார்க்க வந்த மூதூர்க்காரர் ஒருவர் என் சட்டையைப் பிடித்ததும் உண்டு.

முகங்கள் அவளுக்குச் சம்பளம். உயிர் என்னவோ விமானங்களில் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் என் பழைய மடிப்புக் கமெராவை வாங்கிக்கொண்டு சீனன்குடாவுக்கு ரயில் ஏறிவிடுவாள். விமானத் தள வேலிக்கு வெளியே நின்று இறங்குவதையும் ஏறுவதையும் படம் பிடிப்பாள். "சோறு போடுற முகத்தை விட்டிட்டு ஆகாயத்தைப் பாக்கிறாய்" என்று நான் புறுபுறுப்பேன். ஆனாலும் பிலிம் கொடுப்பேன்.

துணைக்கு வருகிறவன் பேணாட். துறைமுகத்தில் கிளாக்கர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் விமானச் சஞ்சிகை ஒன்றுக்குச் சந்தாதாரன். குமர்ப்பிள்ளையைத் தனியே விட ஏலாதென்று தாய் திரேசம்மாவும் போவார். அவர் குடையை விரித்துச் செபமாலை உருட்ட, இவர்கள் இரண்டு பேரும் வேலியோடு நின்று வாக்குவாதப்படுவார்கள். மறுநாள் ஸ்ரூடியோவில் படம் காயும்போதும் அதே வாக்குவாதம் நடக்கும்.

"எஞ்சின் சத்தத்திலேயே சொன்னனான், இது சிப்மங்க் விமானம்" என்பான் பேணாட்.

"சிப்மங்க்குக்கும் ரைகர் மொத்துக்கும் சத்தம் ஒண்டுதானே. சிறகை எண்ணிப் பாருங்கோ" என்பாள் றீற்றா. எண்ணினால் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சிறகு இருக்கும், அது பழைய ரைகர் மொத். பேணாட் புத்தகத்தால் அறிந்தவன், அவள் கண்ணால் அறிந்தவள்.

ஐம்பத்தாறு ஆனி மாதம், கச்சான் காற்று அடித்து வீசிய ஒரு ஞாயிறு. கொழும்பிலிருந்து வந்த ரைகர் மொத் ஒன்று காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு இறங்கியது. ஒரு சில்லு நிலத்தில், மற்றது அந்தரத்தில். ஓட்டுகிறவன் தொலைந்த கோழிக்குஞ்சைத் தேடுகிறவனைப் போலக் கழுத்தை வெளியே நீட்டி நிலத்தைப் பார்க்கிறான். அந்தக் கணத்தை றீற்றா பிடித்துவிட்டாள். பேணாட் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றானாம். நாற்பது வருடத் தொழிலில் நான் அப்படியொரு படம் எடுத்ததில்லை.

குறுக்கே ஒரு தந்திக் கம்பி ஓடியதுதான் குறை. "அதை எடுத்துவிடு பிள்ளை" என்றேன்.

"விமானப் படத்தில கை வைக்கக்கூடாது, முதலாளி."

"என்ர ஸ்ரூடியோவால ஊத்தைப் படம் வெளியில போகாது. எடு."

எடுத்தாள். சிறகுகளை இழுத்துக் கட்டும் கம்பிகளில் ஒன்று அந்த இடத்தால்தான் போயிருக்கிறது. தந்திக் கம்பியோடு அதுவும் மறைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதி அந்தச் சஞ்சிகைக்கு அனுப்பும் பொறுப்பு பேணாட்டுடையது. "உம்மட பேரோட லண்டனுக்குப் போகுது" என்று சொல்லித்தான் படத்தை வாங்கிப் போனான்.

கார்த்திகைச் சஞ்சிகையில் படம் வந்தது, அரைப் பக்கத்துக்கு. கீழே 'படம்: பேணாட், இலங்கை' என்று இருந்தது.

றீற்றா நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்ர பேர் எங்க?" என்று கேட்டாள்.

"பொம்பிளைப் பிள்ளையின்ர பேரைக் கண்டவனும் பாக்கப் போடலாமோ எண்டு யோசிச்சனான். கோவிக்காதையும். திருத்தம் போடச் சொல்லி இண்டைக்கே எழுதிறன்" என்றான் பேணாட்.

அவள் அதை நம்பினாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு சஞ்சிகை வந்தபோதும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை விரலை வைத்துத் தேடினாள். மாசியில் வந்த இதழில் யாரோ ஒரு வெள்ளைக்காரர், அந்த விமானத்தில் ஒரு கம்பி இல்லை, படம் பொய் என்று எழுதியிருந்ததாகப் பிறகு அறிந்தோம். அந்த இதழைப் பேணாட் அவளுக்குக் காட்டவில்லை.

வைகாசியில் ஒருநாள் பேணாட் சயிக்கிளை விட்டு இறங்காமலே ஒரு சஞ்சிகையை வாசலோரம் இருக்கும் என் மேசையில் போட்டான். "திருத்தம் வந்திருக்கெண்டு சொல்லுங்கோ" என்றான், போய்விட்டான்.

றீற்றாவுக்குத் தன் பெயரை வாசிக்கிற அளவுக்கு ஆங்கிலம் தெரியும். கண்டுபிடித்ததும் வீட்டுக்கு ஓடித் தாயை இழுத்துக்கொண்டு வந்தாள். திரேசம்மா வழியில் கற்கண்டு வாங்கி வந்திருந்தார். எனக்கும் ஒரு துண்டு தந்தார். "சத்தமா வாசியுங்கோ தம்பி, நானும் கேக்க."

கற்கண்டை வாயில் வைத்துக்கொண்டே வாசித்தேன். 'என் படத்தில் ஒரு கம்பி இல்லாமற் போனதற்கு வருந்துகிறேன். இங்குள்ள ஸ்ரூடியோவில் வேலை செய்யும் மிஸ் றீற்றா என்பவர் என் அனுமதியின்றி நெகற்றிவைக் கெடுத்துவிட்டார். பேணாட்.'

தமிழில் சொல்லி முடித்ததும் றீற்றா அந்த வரியில் விரலை வைத்தாள். "என் படத்தில் எண்டோ எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். பிறகு, "எடுக்கச் சொன்னது நீங்கள் எண்டு அவருக்குத் தெரியாதோ, முதலாளி?" என்றாள்.

"தெரியாது போல" என்றேன்.

பேணாட் அந்த வருடமே கொழும்புக்கு மாற்றலாகிப் போய்ச் சேர்ந்தான். றீற்றா சீனன்குடாவுக்குப் போவதை நிறுத்தவில்லை. தாய் இறந்த பிறகு தனியே போனாள். எடுத்த ஒவ்வொரு நெகற்றிவின் மூலையிலும், காய்ந்த கையோடு, மையால் தன் முழுப்பெயரை எழுதினாள். ஒரு படத்தையும் ஒருவருக்கும் அனுப்பவில்லை.

எழுபத்தொன்பதில் கண் மங்கி வேலையை விட்டாள். கடைசி நாள் அந்தப் பழைய நெகற்றிவை என் மேசையில் வைத்தாள்.

"கம்பியை எடுக்கச் சொன்னது ஆரெண்டு ஒரு துண்டில எழுதித் தாங்கோ, முதலாளி. இதோட வைக்க."

நான் நெகற்றிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"பேணாட் உங்களிட்டக் கேட்டவராம். 'எனக்குத் தெரியாது, அவ தன்ர எண்ணத்துக்குச் செய்தவ' எண்டு சொன்னீங்களாம். கொழும்புக்குப் போக முந்தி என்னட்டச் சொன்னவர்."

உண்மைதான். நேவி அதிகாரிகள் வந்துபோகும் ஸ்ரூடியோ, பெயர் கெட்டுவிடும் என்று பயந்து அப்படித்தான் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் அதைத் தெரிந்துகொண்டே அவள் என் வீட்டுக் கலியாணப் படங்களையும் திருத்தியிருக்கிறாள். அன்றைக்கும் நான் பேனையைத் தேடுகிறவன் போல மேசை லாச்சியைக் கிளறிக்கொண்டு நின்றேன். அவள் குடையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறக்கக்கண்டி பஸ்சுக்கு நேரமாகிறதென்று போய்விட்டாள். போன மாதம் அங்கே தமக்கை வீட்டில் கண்ணை மூடினாள்.

படத்தை எடுத்தவள் றீற்றா சூசைப்பிள்ளை. கம்பியை எடுக்கச் சொன்னவன் நான், சிவகுருநாதன்.