இருக்கீங்களா?

பல் துலக்கிக்கொண்டே விளக்கு பார்க்கிறார் அவர். விளக்கு என்றால் வீட்டு விளக்கு இல்லை. கூடத்து மேஜையில் ஒரு மானிட்டர், அதில் கறுப்புத் திரை, திரையில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள். அவருடைய இணையதளத்தில் யாராவது படம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு புள்ளி பச்சையாக எரியும். பாதியில் நிறுத்தி எழுந்து போனால் மஞ்சளாகும். மூடிவிட்டால் அணைந்துவிடும். பிரஷ்ஷை வாயில் அதக்கியபடியே ஒவ்வொரு புள்ளியாக நலம் விசாரிப்பார். "இந்த மனுஷர் காலங்காத்தாலயே அழுகைப் படம் போட்டிருக்காரு பாருங்க. வீட்ல ஏதோ சரியில்ல." வாய் நிறைய நுரை இருப்பதால் பாதிதான் புரியும். மீதியை நான் ஊகித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டில் குடியிருந்து எனக்குப் பழகிவிட்டது.

தெருவில் அவருக்குப் பெயர் 'இடைவேளை'. சும்மா வந்த பெயர் இல்லை. மாதச் சந்தா கட்டினால் வீட்டிலிருந்தே படம் பார்க்கிற தளங்கள் ஆயிரம் இருக்கின்றன. அவற்றில் எதிலும் இல்லாத ஒரு தொல்லை இவருடையதில் உண்டு. படம் சரிபாதிக்கு வந்ததும் தானாக நின்றுவிடும். மணி அடிக்கும். 'இடைவேளை' என்று எழுதிய அட்டை வரும். நீங்கள் தலைகீழாக நின்றாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம் காத்திருந்துதான் ஆகவேண்டும். ஆரம்பத்தில் சந்தாதாரர்கள் சண்டை போட்டார்கள். அப்புறம் காப்பி போடப் பழகிக்கொண்டார்கள். பேச்சிலும் அவர் அப்படித்தான். கதை சூடு பிடிக்கிற இடத்தில் சட்டென்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, கால் அலம்பிவிட்டு வந்து, "ஆங், எங்க விட்டேன்?" என்பார். கேட்பவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வெளிவராத படங்களை மட்டுமே காட்டுகிறார். எடுத்து முடித்தும் கொட்டகையை எட்டிப் பார்க்காமல் பெட்டிக்குள் முடங்கிப்போன படங்கள். அவற்றைத் தேடிப் பிடித்து, உரிமை எழுதி வாங்கி, கீறல்களைத் துடைத்து ஏற்றுகிறார். இதையெல்லாம் எந்தப் புண்ணியவான் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று நானும் கேட்டவன்தான். பார்க்கிறார்கள். இரண்டாம் நாயகியாக நடித்தவரின் பேத்திகள் பார்க்கிறார்கள். பாட்டெழுதிவிட்டுப் பேர் வராமலே போனவரின் சொந்தக்காரர்கள் பார்க்கிறார்கள். தோற்றுப்போனது எதுவானாலும் அதன் பக்கம் சாய்கிற ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறதே, அவர்களும் பார்க்கிறார்கள். "ஓடுன படத்த ஊரே பாத்துடுச்சு. ஓடாத படத்துக்கு யாருங்க இருக்காங்க? நாமதான்," என்பார். அந்த 'நாம'வில் என்னையும் சேர்த்துவிட்டதால் நானும் சந்தா கட்டுகிறேன்.

அவரிடம் இன்னொரு வினோதம் உண்டு. யாரையும் ஒருமையில் பேசமாட்டார். பால் பாக்கெட் போடுகிற பையனுக்கும் 'ங்க'தான், படியில் படுத்திருக்கும் நாய்க்கும் 'ங்க'தான். "கொஞ்சம் நகருங்க, மிதிச்சிடப் போறேன்." நாயும் ஏதோ மரியாதை தெரிந்த பிராணியாக நகர்ந்துகொள்ளும். உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் அவர் 'நீ' என்று கூப்பிட்டார். அவருடைய மனைவியை.

படத்தை நிறுத்திவிட்டு நெடுநேரம் சத்தமில்லாமல் இருந்தால் பெரிய தளங்களெல்லாம் திரையில் ஒரு வாக்கியத்தைக் காட்டிக் கேட்கும். இவருடைய தளம் குரலிலேயே கேட்கும். அவருடைய குரல்தான். "இருக்கீங்களா?" அவ்வளவுதான். கதவைத் தட்டக் கூச்சப்பட்டு வெளியே நின்று கூப்பிடுகிறவரின் குரல் அது. கீழே ஒரு பட்டன், அதில் 'இருக்கேன்' என்று எழுதியிருக்கும். அழுத்தினால் படம் தொடரும். அழுத்தாவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விளக்கு அணைந்துவிடும். தனியாக இருக்கும் ஒரு சந்தாதாரர், தன்னை நாள் முழுக்க அப்படிக் கேட்பது இந்த ஒரு குரல்தான் என்று எழுதியிருந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டார்.

அந்தக் குரலைப் பதிவு செய்தது துணி அலமாரிக்குள். ஸ்டுடியோவுக்கு வக்கில்லாத காலம். மனைவியின் புடவைகள் நெருக்கி அடித்துத் தொங்கிய பக்கத்தில், மைக்கோடு உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்பது கணக்கு. வெளியே நின்று அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டவர், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவிதான். உள்ளே இவர் "இருக்கீங்களா, இருக்கீங்களா" என்று விதவிதமாகக் கேட்க, வெளியே அவர், "இருக்கேன், சீக்கிரம் வெளிய வாங்க, வேலைக்கு நேரமாச்சு" என்று பதில் சொன்னாராம். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வலிக்காமல் ஊசி குத்துகிற கை. எனக்கும் ஒருமுறை குத்தியிருக்கிறார்.

அக்காவுக்கு அவ்வப்போது இடமாற்ற உத்தரவு வரும். ஒவ்வொரு தடவையும் யார் யாரையோ பார்த்து ரத்து செய்துகொண்டு வருவார். கடைசியாக வந்தபோது ரத்து செய்யவில்லை. பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு புடவைகளை மடித்தார். இவர் அப்போதும் கூடத்தில் உட்கார்ந்து எந்த விளக்கு ஏன் மஞ்சளானது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அக்கா வாசலுக்கு வந்தபின் சொன்னதை இவரே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், ஒரு சொல் மாறாமல். "முகம் தெரியாத அத்தனை பேரையும் இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கேக்குறீங்க. இந்த வீட்டுக்குள்ள நான் இருக்கேனான்னு ஒரு நாள் கேட்டீங்களா? இதை வித்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

இவர் விற்கவும் இல்லை, போகவும் இல்லை. அக்காவுக்குக் கோபம், இவருக்கு ரோஷம். கொஞ்ச நாளில் ரோஷம் வடிந்து வெறும் கூச்சம்தான் மிஞ்சியது. போனை எடுப்பார், வைப்பார். அக்கா இடைவேளைக்குப் போயிருக்கிறார் என்று தெருவில் கேலி செய்தார்கள். அது இவர் காதுக்கும் எட்டியது. "நானும் அப்படித்தான் தம்பி நினைச்சேன். மணி அடிச்சு ரொம்ப நாளாகுது. படமே முடிஞ்சிடுச்சோ என்னவோ," என்றார்.

ஆனால் தினமும் சாயங்காலமானதும் ஒரு விளக்கு எரிந்தது. நாயகன் பேரே யாருக்கும் தெரியாத ஒரு பழைய குடும்பப் படம், அதை அந்த ஒரு விளக்கு மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தது. அதில் கதாநாயகி அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் நிற்கிற காட்சி ஒன்று உண்டு. அந்த இடம் வந்தால் விளக்கு மஞ்சளாகிவிடும். ஒரு நாள் கூடத் தவறியதில்லை. அக்கா இந்த வீட்டில் இருந்து அந்தப் படத்தைப் பார்த்த காலத்தில், பாலைக் கண்டதும் படத்தை நிறுத்திவிட்டு, தன் வீட்டு அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க ஓடுவார். போனவர் அப்படியே சமையலறையில் ஏதாவது வேலையில் இறங்கிவிடுவார், இங்கே படம் காத்துக் கிடக்கும். இப்போதும் அதே இடத்தில் அதே தாமதம். குரல் கேட்கும். சற்றுப் பொறுத்து 'இருக்கேன்' அழுத்தப்படும், புள்ளி மறுபடி பச்சையாகும். இவரும் நாற்காலியில் சாய்ந்து, அப்போதுதான் மூச்சு விடுவார்.

திரையில் பெயரா தெரிகிறது, வேறு யாராவது இருக்கலாமே என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். என் வாய் சும்மா இருக்காது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அடுப்பை நினைச்சுப் படத்த நிறுத்துற ஆளு உலகத்துல ஒருத்திதாங்க," என்றார்.

இந்த லட்சணத்தில்தான் விற்பனைப் பேச்சு வந்தது. சர்வர் வாடகை ஏறிக்கொண்டே போனது, அவர் கண்ணும் ஒத்துழைக்க மறுத்தது. ஒரு பெரிய நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொள்ள முன்வந்தது. அவர்கள் சார்பில் வந்த பெண் கெட்டிக்காரி, நல்ல பெண்ணும்கூட. சந்தா கட்ட ஆரம்பித்தவர்கள் ஏன் இவரைவிட்டுப் போவதே இல்லை என்று லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு குடைந்து குடைந்து கேட்டார். இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. விலையில் பேரமே பேசவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். முரண்டு பிடித்தது ஒன்றுக்கு மட்டும்தான். அந்த விளக்குத் திரையையும் அந்தக் குரலையும் தனக்கு விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை விற்றுவிட்டுப் போனவருக்குக் காட்டக்கூடாது. குரலுக்குப் பதிலாக எல்லாத் தளங்களிலும் வருகிற அவர்களுடைய வாக்கியம் வரும்: 'தொடர்ந்து பார்க்க விரும்புகிறீர்களா?' இவர் அதை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேக்குற மாதிரி இருக்குதுங்க," என்றார். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு வாரத்தில் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "விக்கச் சொன்னது அவதான். வித்துட்டேன். ஆனா வித்துட்டா அவ இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியவே தெரியாது," என்றார். நேரில் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். போய் நின்றால் கதவு திறக்குமா என்று திருப்பிக் கேட்டார்.

ஒப்படைப்புக்கு முந்தைய சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது கூடத்தில் ஆள் இல்லை. படுக்கையறை அலமாரிக்குள்ளிருந்து பேச்சுக்குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் மைக்கும் கையுமாக, தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்க வெறும் ஹேங்கர்கள்.

தளம் கையில் இருந்த அந்தக் கடைசிச் சாயங்காலத்தில் குரலை மாற்றிவிட்டார். வந்து உட்கார்ந்து, ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு, ஏதோ தட்டினார். விளைவு என்ன என்பதை அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்வேன். ஒரு புள்ளியை மனத்தில் வைத்துக்கொண்டு மாற்றினார்; அது எல்லாப் புள்ளிகளுக்கும் மாறியது. எங்கெங்கோ படத்தை நிறுத்திவிட்டுப் போயிருந்த அத்தனை பேரையும், நாய்க்குக்கூட 'ங்க' போடுகிற அந்த மனிதர், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி எதிரொலியோடு கேட்டார்: "இருக்கியா?"

மின்மடல்கள் வந்து குவிந்தன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், தன்னை ஒருமையில் விளிக்கும் உரிமையை இவருக்கு யார் கொடுத்தது என்று கேட்டிருந்தார். இன்னொருவர் 'இருக்கேன்டா, சொல்லு' என்று எழுதியிருந்தார். வாங்கிய நிறுவனத்துப் பெண் போன் செய்து, என்ன சார் இது என்று பதறினார். இவர், காலையில சரியாயிடும்ங்க, மன்னிச்சுக்குங்க என்று சொல்லி வைத்தார். இவர் கண் திரையைவிட்டு நகரவில்லை. அந்த விளக்கு பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

பிறகு மஞ்சளானது. பால் வைக்கிற இடம். கேட்கிற நேரம் வந்தது. குரல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். வழக்கமான தாமதம் கழிந்தது. அதற்கு மேலும் கொஞ்சம் கழிந்தது. யாரும் 'இருக்கேன்' அழுத்தவில்லை. மஞ்சள் புள்ளி அணைந்துவிட்டது.

அவர் ஸ்பீக்கரை நிறுத்தினார். மைக் ஒயரைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, இழுப்பறையில் வைத்தார். தண்ணீர் குடிக்க எழுந்து போகவில்லை. நான் ஒப்படைப்பு எத்தனை மணிக்கு என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

அப்போது போன் அடித்தது. ஹெட்போன் போட்டே காது மந்தமாகிவிட்டதால் எந்த அழைப்பையும் அவர் ஸ்பீக்கரில்தான் எடுப்பார். பழக்கதோஷத்தில் அதையும் அப்படியே எடுத்து மேஜையில் வைத்தார்.

"எதிரொலிக்குதே," என்றது அக்காவின் குரல். "அந்த அலமாரிக்குள்ளேயா உக்காந்து பேசினீங்க?"

அவர் வாயைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். போனில் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம், பிறகு அமைதி. நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

"இருக்கீங்களா?" என்று அக்கா கேட்டார்.

அவர் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, போனுக்குப் பக்கத்தில், மேஜையின் வெறும் பலகையின்மேல் அழுத்தினார்.