கலங்கிப்போன வாசனை

துபாய்க்கு மகன் வீட்டுக்கு வந்த புதிதில், லிப்டில் என்னோடு ஏறிய இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முழங்காலுக்கு நான் தடவியிருந்த தைலத்தின் வாடை. அதற்குப் பிறகு லிப்டுக்கு ஆள் நின்றால் ஒதுங்கிக்கொள்வேன்.

மருமகளிடம் ஒரு சென்ட் பாட்டில் இருந்தது. "தென் அமெரிக்கக் காட்டு மரம் அத்தை. அது தானா விழுந்து, வருஷக்கணக்கா காஞ்ச பிறகுதான் எண்ணெய் எடுப்பாங்களாம். அங்க பழங்குடி ஜனங்க அந்தக் கட்டையைப் புகை போட்டுத்தான் சாமி கும்பிடுவாங்களாம். கெமிக்கலே கிடையாது" என்று என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தாள்.

"நம்ம சாம்பிராணிக்குப் பங்காளி மாதிரி இருக்கே" என்றேன்.

"அடேங்கப்பா, மூக்கா இது!" என்று சிரித்தாள்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கேட்க வாய் வரவில்லை. அவள் டியூட்டிக்குப் போனதும் முந்தானையில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு கீழே கடைக்குப் போவேன். லிப்டில் ஒருவரும் முகம் திருப்பவில்லை. தினமும் எடுத்தேன். பாட்டிலில் ஒரு விரல் அளவு குறைந்ததும் பயம் வந்துவிட்டது. மோருக்குத் தண்ணீர் விட்டுப் பழகிய கை. இதிலும் கொஞ்சம் விட்டேன். தேன் நிறத்தில் இருந்தது கண்ணெதிரே பாலாகக் கலங்கிவிட்டது. மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மருமகள் பார்த்தாள். கடைக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்தாள். ஞாயிற்றுக்கிழமை என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு சத்வா பகுதியில் இருந்த அந்த சென்ட் கடைக்கே போனாள்.

கடையில் நின்ற பெண் இலங்கைத் தமிழ் பேசினாள். "அக்கா, தண்ணி பட்டாத்தான் இது இப்பிடி வரும்."

"அப்ப நான் தண்ணி ஊத்திட்டு வந்து பொய் சொல்றேனா?"

உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த அந்தப் பெண் குனிந்தவள் அப்படியே நின்றாள். என் முந்தானையில் அந்த வாசனை ஊறிக் கிடந்தது. அதே வாசனையில் புழங்கிப் பழகிய மருமகளின் மூக்குக்குத்தான் அது தெரியவில்லை. கடைப்பெண் என்னைப் பார்ப்பது புரிந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"என்ர பிழைதான் அக்கா. கழுவின போத்தல் காயிறதுக்கு முதல் நிரப்பிட்டன் போல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"வேலையில கவனம் வேணாமா?" என்று முதலாளி முன்னாலேயே மருமகள் திட்டினாள். அந்தப் பெண் புது பாட்டில் கொடுத்தாள்.

கார் கிளம்பியதும்தான் பேச்சு வந்தது. "வண்டியைத் திருப்பும்மா. தண்ணி ஊத்தினது நான்தான்."

மருமகள் வண்டியைத் திருப்பினாள். கடைக்குள் போய் முதலாளியிடம் இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னாள். "ஸாரிம்மா" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். புது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கலங்கியதையே வாங்கிக்கொண்டாள். நான் வாசலிலேயே நின்றேன். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் போனேன். கால் உள்ளே போகவில்லை.

"இதை நீங்களே வச்சுக்குங்க அத்தை. ஒளிச்சுப் போட்டுக்க வேணாம்" என்று காரில் என் மடியில் வைத்தாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

பாட்டில் இப்போது என் தைலத்தின் பக்கத்தில் இருக்கிறது. ஒரு நாளும் திறக்கவில்லை. லிப்டுக்கு ஆள் நின்றால் இன்னமும் ஒதுங்கித்தான் நிற்கிறேன்.