முனிலட்சுமிக்கு ஒரு மிதவைப் பலகை

சூளகிரிக்கு மேற்கே எங்கள் நிலமும் நாராயணப்பன் நிலமும் ஒரே வரப்பில் சேருகின்றன. அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போய்வந்தார். இரும்புச் சாமான்களுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிப்பார். அவருடைய சம்சாரம் மாரம்மா அந்த நிலத்தில் காட்டு வேலை பார்த்தாள். ஒரே பெண் குழந்தை, முனிலட்சுமி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயசு.

நாராயணப்பன் நல்ல மனுஷன், ஆனால் ஓர் இடத்தில் உட்காரமாட்டார். காரணம், அவர் வீட்டை ஒட்டி இருந்த கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. ஒரு பக்கம் கல்படி, மூன்று பக்கம் வெறும் மண். அவர் சின்னப் பையனாக இருந்தபோது கெலமங்கலத்துப் பக்கம் அவருடைய தங்கை பாப்பம்மா குடத்தோடு ஒரு கிணற்றுப் படியில் சறுக்கி விழுந்து செத்துப்போனாள். அன்றிலிருந்து அவர் கிணற்றில் கால் வைத்ததில்லை. குளிப்பதெல்லாம் சொம்புத் தண்ணீர்தான். முனிலட்சுமியோ, மீன் பார்க்கிறேன் என்று அந்த மண் விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிடுவாள். அடித்தும் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள்.

ஒருநாள் கம்பெனி பஸ் பாதி தூரம் போனதும் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். வீட்டுக்குத் திரும்பி நடந்தே வந்தார். பிள்ளை கோழிக்குஞ்சோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துவிட்டு மறுபடியும் ரோட்டுக்கு ஓடினார். அரைநாள் சம்பளம் போனது. அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினாலே, "என்னாப்பா, அடுப்பை அணைச்சுட்டு வந்தியா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம்.

அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தார். ஐப்பசி மழையில் கிணறு நிரம்புவதற்குள் பிள்ளை நீச்சல் பழகிவிட வேண்டும். மாரம்மா நன்றாக நீந்துவாள், சொல்லிக்கொடுக்க அவள் போதும். பிள்ளை பிடித்துக்கொள்ள ஒரு மிதவை வேண்டும். அதைத் தேடும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

நான் எங்கள் வீட்டுச் சுரைக்குடுக்கையைக் கொடுத்தேன். எங்கள் பிள்ளைகள் அதில்தான் பழகினார்கள். அவர் அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். கல்லில் மோதினால் ஓட்டையாகிவிடுமே அக்கா என்றார். கற்றாழைக் கட்டைகளை வெட்டிக் காயவைத்துக் கட்டினார். அதன் சாறு பட்டுத் தன் கையே அரித்ததும் வரப்பில் வீசிவிட்டார். தான் அதில்தான் பழகியதாகவும், இன்னும் சாகவில்லை என்றும் மாரம்மா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூளகிரியில் பஞ்சர் போடுகிற கங்கப்பனிடம் லாரி டியூப் வாங்கிவந்தார். பிள்ளையை நடுவில் நிறுத்தினால் டியூப் அவள் உடம்பில் நிற்காமல் நேராகத் தரைக்கு வந்து விழுந்தது. அவள் அதற்குள் நின்று கைதட்டினாள்.

பிறகு சோதனை ஆரம்பமானது. பிள்ளையின் எடைக்கு ராகியைச் சாக்கில் கட்டி, டியூப் மேல் வைத்து, பம்புசெட் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்த்தார். சாக்கு சரிந்து ராகி முழுவதும் நனைந்தது. மாரம்மா அன்று அவரோடு பேசவில்லை. நனைந்த ராகியை முளைகட்டி மாவாக்கி எனக்கும் ஒரு படி கொண்டுவந்து கொடுத்தாள்.

கடைசியில் கம்பெனியிலேயே ஒன்று கிடைத்தது. வெளிநாட்டு மெஷின் வந்த பெட்டிக்குள் கனமான தெர்மாகோல் அடைத்திருந்தார்கள். பேக்கிங்கில் இருந்த கரியப்பன் அதில் ஒரு பலகையை எடுத்துக் கொடுத்து, வாட்ச்மேனிடமும் சொல்லி வெளியே அனுப்பிவைத்தார். வெள்ளைப் பலகை, பிள்ளை நெஞ்சு வைத்துப் படுக்கிற அகலம். தொட்டியில் போட்டு அவர் இரண்டு கையாலும் அழுத்தினார், அது எழும்பி எழும்பி வந்தது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு தெளிவைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் கிணற்றில் புதிதாக எது இறங்கினாலும், கிணற்றடியில் நட்டிருக்கிற ஏழு கன்னிமார் கல்லுக்குப் பூசிவிட்டு அந்தப் பொருளுக்கும் மஞ்சள் பூசுவோம். மோட்டாருக்கும் பூசுவோம், புதுக் கயிற்றுக்கும் பூசுவோம். அப்படிச் செய்தால் கன்னிமார் காவல். நாராயணப்பனுக்கு அதிலும் ஒரு யோசனை வந்துவிட்டது. மஞ்சள் தண்ணீரில் கரைந்துவிடுமே, பாதி நீச்சலில் காவல் போய்விட்டால் என்ன செய்வது? டப்பாவின் அடியில் மிஞ்சிய கம்பெனி மஞ்சள் பெயிண்டைக் கொண்டுவந்து, கன்னிமாரை நினைத்துக்கொண்டு பலகையின் ஒரு பக்கம் முழுக்கத் தடவினார். காயட்டும் என்று வைக்கோல் போர் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வந்து பார்த்தால் பலகையில் குழி குழியாக விழுந்திருந்தது. அவர் கண்ணெதிரிலேயே மெல்ல மெல்ல உள்ளே கரைந்துகொண்டிருந்தது. இரும்புக்கு அடித்துப் பழகியவர். அந்தப் பெயிண்ட் தெர்மாகோலை அரிக்கும் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொன்னதுமில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கன்னிமாருக்குச் சம்மதமில்லை, பிள்ளையைத் தண்ணீரில் இறக்க வேண்டாம், கிணற்றையே மூடிவிடலாம் என்றார். கிணற்றை மூடினால் பயிர் என்னாகும் என்று அவர் யோசிக்கவேயில்லை.

மாரம்மா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கன்னிமாரு எதுக்குங்க இதைத் திங்கறாங்க? உங்க பெயிண்டுதான் தின்னுருக்குது. அடியில கல்லாட்டம் இருக்குது பாருங்க."

"அபசகுனம்டி."

"நீங்க இன்னும் நாலு பலகை கொண்டாருவீங்க. நாலுலயும் ஒரு கொறை சொல்லுவீங்க. மழை வந்துரும்." குரலை இறக்கினாள். "புள்ளைக்கா பலகை தேடுறீங்க? உங்க பயத்துக்குத் தேடுறீங்க."

 அவள் கரைந்த பக்கத்தை அரிவாளால் சீவினாள். மிஞ்சியதை உர மூட்டைப் பையில் நுழைத்து வாயை இறுக்கிக் கட்டினாள். அதன் மேல் அரைத்த மஞ்சளைப் பூசினாள், கன்னிமார் கல்லுக்கும் பூசினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிள்ளையோடு படி இறங்கினாள்.

நான் மேலே நின்றேன். நாராயணப்பன் முதல் படியில் நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். முனிலட்சுமி பலகையில் நெஞ்சை வைத்துக் காலை உதைத்தாள். மாரம்மா அவள் வயிற்றுக்கடியில் கை கொடுத்திருந்தாள், பிறகு எடுத்தாள். பிள்ளை மிதந்தாள். ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள், இருமினாள், பலகையை விடவில்லை.

நல்லபடியாக முடிந்தது என்று நான் கும்பிட்டேன். அவருக்கு மட்டும் முடியவில்லை. "அக்கா, இனிமே இவளுக்குத் தண்ணின்னா பயமே இருக்காதே. தெனமும் எறங்குவாளே. மாரம்மா காட்டுல இருக்கறப்ப எறங்குனா, நான் என்னா பண்ணுவேன்?"

அது நிஜம்தான். 

கீழேயிருந்து பிள்ளை அண்ணாந்து பார்த்தாள். அப்பா ஏன் வரவில்லை என்று அம்மாவைக் கேட்டாள். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்று மாரம்மா மறைக்காமல் சொன்னாள். பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு கையால் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மறு கையால் பலகையைப் படிப் பக்கம் தள்ளினாள்.

"நீ இதைப் புடிச்சுக்கப்பா. நான் அம்மாவைப் புடிச்சுக்கறேன்."

பலகை அலையில் ஆடி ஆடி வந்து கல்படியில் தட்டி நின்றது. நாராயணப்பன் கன்னிமார் கல்லைத் திரும்பிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பக்கத்து மண்ணில் ஒரு கையை ஊன்றி, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவிப் பார்த்து இறங்கினார். முழங்கால் நனைந்தபோது நின்றுவிட்டார்.  மாரம்மா சிரிக்கவில்லை, வாருங்கள் என்று கூப்பிடவும் இல்லை. அவர் இன்னொரு படி இறங்கிப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.