முக்காட்டுக்குள் ஒரு காது மெஷின்

என் மாமியார் அமீனா பீவிக்குக் காது மந்தமானதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. அவரிடம் குர்ஆன் ஓத வந்த பெண்பிள்ளைகள்தான்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் பாய் விரிப்போம். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை வரை ஓதல்தான். மாமி பிரம்பு எடுத்தவர் இல்லை. ஓர் எழுத்து வாயில் நழுவினால் "திரும்ப ஓது" என்பார், அவ்வளவுதான். சரியாக வரும்வரை அடுத்த எழுத்துக்குப் போக முடியாது. அந்தக் கண்டிப்புக்காகவே கூடுவாஞ்சேரியிலிருந்துகூடப் பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பினார்கள்.

எழுபத்தைந்து, எழுபத்தாறாம் வருஷ வாக்கில் அந்தத் "திரும்ப ஓது" குறைந்தது. பிறகு நின்றே போனது. வாண்டுகள் பாதி வரியை விழுங்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவுவது அடுப்படியில் இருக்கும் எனக்கே கேட்கும். எதிரில் உட்கார்ந்திருக்கும் மாமிக்குக் கேட்காது. தாய்மார்கள் என்ன முட்டாள்களா? ஒருத்தி காய்ச்சல் என்றாள், இன்னொருத்தி பள்ளிக்கூடப் பரீட்சை என்றாள். பாயில் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் மாமி என்னிடமே கேட்டுவிட்டார்.

"ஹபீபா, எனக்குக் காது போய்கினு கீதா?"

"ஆமா மாமி."

"ஓதிக்கொடுக்காம நான் இன்னாத்துக்குடி இருக்கேன்?"

டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரர் பம்பாய் லாரியில் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே விஷயம் மாமியின் தம்பி ஷஃபியுல்லா மாமாவிடம் போனது. அங்கேதான் கோணலும் ஆரம்பித்தது.

மாமாவுக்கு மகாபலிபுரத்தில் கடை. சங்கு, சோழி மாலை, சோடா, ஃபிலிம் ரோல் எல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு விற்பார். அவர்கள் கையில் எது இருந்தாலும் அதுதான் உலகத்திலேயே உசத்தி என்று நினைப்பவர். அக்காள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அந்தப் பாசத்தில் அக்காளின் வாயைத் திறக்கவிடாமல் தானே பேசிவிடுவார், அதுதான் வியாதி.

மாமா என்னையும் மாமியையும் மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். அங்கே காது டாக்டர் பரிசோதனை செய்து, கோடு கோடாகப் படம் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். காது ரொம்பவே போய்விட்டது, சட்டைப் பையில் வைக்கும் டப்பா மெஷின்தான் பொருந்தும் என்று வாயாலும் சொன்னார். சீட்டோடு மவுண்ட் ரோட்டில் ஒரு காது மெஷின் கடைக்குப் போனோம். அங்கே இருந்த வாசுதேவன் என்பவர் எங்கள் இருவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அதற்கப்புறம் மாமாவிடம் மட்டும்தான் பேசினார். காது யாருடையது என்பதை அந்தக் கடையில் யாரும் நினைவில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"சீட்டுல பாக்கெட் மாடல்தான் எழுதியிருக்கார். ஆனா காதுக்குப் பின்னால மாட்டுற ஃபாரின் மாடலும் இருக்கு சார். விலை ஜாஸ்தி. வெளியே தெரியாது."

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதாம்பா. நம்ம கடைக்குச் சங்கு வாங்க வந்த ஒரு வெள்ளக்காரம்மா காதுல இதான் இருந்துது. கூந்தல் மூடிகினா ஒண்ணுமே தெரில. எங்க அக்காவுக்குக் கூந்தலு இன்னாத்துக்கு, முக்காடே கீதே."

மாட்டிப் பார்க்கக் கண்ணாடி அறை ஒன்று இருந்தது. பெண்கள் என்பதால் திரையை இழுத்துவிட்டு எங்களை மட்டும் விட்டார்கள். மாமி முக்காட்டை இறக்கினார். நான் மெஷினைக் காதில் பொருத்திவிட்டுப் பின்னால் போய் நின்றேன்.

"மாமி, பசிக்குதா?"

"ஏன், உனக்குப் பசிக்குதா?" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நாளாக அவரிடம் கத்திக் கத்தியே பேசிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் வாசுதேவன் மாமாவிடம் "எப்படி இருக்காம்?" என்றார். மாமாவும் "நல்லா கேக்குதாம்" என்றார். உள்ளே இருந்தது நாங்கள், கேட்டது இவருக்காம்.

"அந்த டப்பாவையும் ஒரு தபா மாட்டிப் பாக்கறேன்" என்றார் மாமி.

"வாணாம்கா. ரேடியோவக் கழுத்துல தொங்கவுட்டாமாரி கீது. செவிடுன்னு தெரிஞ்சா எவன் உங்கிட்ட புள்ளய அனுப்புவான்?"

அந்தக் கடைசி வார்த்தையில் மாமி அடங்கிவிட்டார். எனக்கு நாக்கு துடித்தது. மருமகள் பேசினால் வாயாடி என்று பெயர் வரும் என்பதால் விழுங்கிக்கொண்டேன். காதுக்குள் வைக்கும் அச்சை அளவெடுத்துச் செய்து, மெஷினையும் வாங்கி வந்தோம்.

மறுநாள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். மாமி கை, முகம், கால் கழுவி ஒளூ செய்து, முக்காட்டை நெற்றிவரை இழுத்து, காது தெரியாமல் சுற்றிக்கொண்டார். முதல் பிள்ளை ஓத ஆரம்பித்தது. மாமியின் முகம் சுருங்கியது. தலையை அசைக்கும்போதெல்லாம் துணி மெஷினில் உரசி, சரக் சரக்கென்று காதுக்குள் சருகு கொட்டுவது மாதிரி சத்தம். துணியை இறுக்கினால் மெஷின் 'கீ' என்று கத்தியது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் மாமி முக்காடு இல்லாமல் அல்லவா சோதித்துப் பார்த்தார்? அவருக்குக் காது வேண்டியது ஓதும் நேரத்தில். ஓதும் நேரத்தில் தலையில் துணி இல்லாமல் இருக்கவே மாட்டார். இது மாமாவுக்கும் தோன்றவில்லை, கடைக்காரருக்கும் தோன்றவில்லை, கூடவே நின்ற எனக்கும் தோன்றவில்லை.

துணியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி ஊக்குக் குத்திப் பார்த்தோம். வழுக்கியது. மெல்லிய துணியாக மாற்றினோம். 'கீ' மட்டும் கூடியது. சும்மா வீட்டில் இருக்கும்போது மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். "கொயம்பு கொதிக்கறதக் கேக்கவா இத்த வாங்குனேன்?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். தலைவலி வந்து, கடைசியில் மெஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

மாமா வந்தால் ஒரே பாட்டுதான். "பழகணும்கா. ஃபாரின் சாமான், கொஞ்ச நாள்ல பழகிடும்."

"நீ தலையில துணியச் சுத்திகினு ஒரு நாள் மாட்டிப் பாரேன்டா" என்றார் மாமி. மாமா சிரித்துவிட்டுப் போய்விட்டார். அச்சு செய்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். அந்த ரம்ஜான் வந்து போகும்வரை வீட்டில் யாரும் சிரித்த நினைவில்லை. பாயில் மிஞ்சியது லத்தீஃபாவும் இன்னும் சில பிள்ளைகளும்தான்.

பெருநாள் கழிந்த ஒரு காலை மாமி புர்காவை மாட்டிக்கொண்டு, "கெளம்பு, மெட்ராஸ் போலாம்" என்றார். மாமாவுக்குச் சொல்ல வேண்டாமா என்றேன். "காது அவனோடதா?" என்றார்.

கடையில் வாசுதேவன் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலையா?"

"எனக்குத்தான் காது கேக்கல. எங்கிட்ட பேசுப்பா. சத்தமா பேசு."

இந்தத் தடவை அறைக்குள் முக்காட்டை இறக்கவில்லை. ஓத உட்காரும்போது சுற்றுகிற மாதிரியே சுற்றிக்கொண்டார். உள்ளூரில் செய்த டப்பா மெஷின் ஒன்றை, ஒயரைத் துணிக்குள் விட்டு, சத்தம் வாங்குகிற டப்பாவை மட்டும் நெஞ்சில் துணிக்கு வெளியே குத்திக்கொண்டார். என்னைப் பின்னால் நின்று பேப்பர் படிக்கச் சொன்னார். நான் தப்பாகப் படித்த இடத்தில் "திரும்பப் படி" என்றார். எத்தனை காலம் ஆயிற்று அதைக் கேட்டு.

"இது வெளியே தெரியுமேம்மா" என்றார் வாசுதேவன்.

"தெரிஞ்சா தெரியட்டும்" என்று மாமி பணத்தை எண்ணி வைத்தார்.

அன்று சாயங்காலம் லத்தீஃபாதான் முதலில் ஓதினாள். குர்ஆனை முழுதாக முடிக்கப் போகிற பிள்ளை. அவள் வீட்டில் இனிப்பு கொடுக்க நாள்கூடப் பார்த்தாகிவிட்டது. முதல் வரியிலேயே மாமி நிறுத்தினார். திரும்ப ஓதினாள். மறுபடியும் நிறுத்தினார். பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எப்பலேந்துடி இப்படி ஓதறே?"

"எப்பவும் இப்படித்தான் உஸ்தாபி."

"நான் ஒண்ணும் சொல்லலியா?"

"அடுத்த பக்கம் திருப்புன்னுதான் சொல்வீங்க."

அடுத்த பிள்ளையை ஓதச் சொன்னார். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. மாமி குர்ஆனை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பிள்ளைகளை அனுப்பியபின் என்னிடம் சொன்னார்: "நின்னுபோன புள்ளைங்க வாயிலயும் இதானேடி இருக்கும்."

மறுநாள் டப்பாவை நெஞ்சில் குத்திக்கொண்டு, புர்காவுக்கு வெளியே எல்லோரும் பார்க்கும்படி, தெருவில் இறங்கினார். நானும் கூடவே போனேன். முதலில் சௌகத் அலி வீடு. காய்ச்சல் என்று சொல்லிப் பெண்ணை நிறுத்தியவர்கள். கதவைத் தட்டினோம். ஜன்னல் பக்கம் நிழலாடியது. உள்ளே அந்தத் தாய் யாரிடமோ தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்தச் செவிட்டு உஸ்தாபி வந்துகீது. புள்ள வூட்ல இல்லன்னு சொல்லு."

நான் மாமியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. எனக்குக் கேட்டது அவருக்கும் கேட்டிருந்தது.

"புள்ள வூட்லதான் கீதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் மூடிய கதவைப் பார்த்து. "நான் செவிடுதான். தப்பா ஓதவுட்டுட்டேன். இப்ப கேக்குது. அனுப்பு, திருத்தித் தரேன்."

உள்ளே சத்தமே இல்லை. மாமி டப்பாவின் திருகை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்துக்கொண்டு, அங்கேயே நின்றார்.